வாரம் ஒரு பேய் எபிசோட் எழுதணுமா? 1974-ல வந்த ராட்சசன பிரிச்சுப் பாருங்க

திகில் வெப்சீரிஸ் எழுதறேன், குறும்படம் எடுக்கறேன்னு சொல்றவங்ககிட்ட கத என்னன்னு கேட்டா முதல்ல பேயப் பத்திதான் ஆரம்பிப்பாங்க, அதுக்கு கண்ணு என்ன கலரு, செவுத்துல தலைகீழா ஏறுமா ஏறாதா, வாய் எவ்ளோ பெருசா திறக்கும், இதுலயே அர மணி நேரம் ஓடிரும். சரி, அது யாரப் பிடிக்குது, ஏன் அவங்கள மட்டும் பிடிக்குதுன்னு கேட்டா தலைய சொறிவாங்க. அங்கதான் எபிசோட் படுத்துருது. பேய் எப்படி இருக்குங்கறது மேக்கப்காரரோட வேல. அது எந்த ஊர்ல, யாரோட எந்த வலில கைய வைக்குதுங்கறதுதான் எழுதறவங்க வேல.

இத கத்துக்க புக்கெல்லாம் வாங்க வேண்டாம், ஒரே ஒரு பழைய எபிசோட உக்காந்து பிரிச்சுப் பாத்தா போதும். நான் சொல்றது 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' சீரிஸோட 11-வது எபிசோட், பேரு 'ஹாரர் இன் தி ஹைட்ஸ்', அதுல வர்ற ஜந்து ஒரு ராட்சசன், அமெரிக்கால ஏபிசி சேனல்ல 1974 டிசம்பர் 20 அன்னிக்கு வந்துச்சு. முழுக்க ஸ்பாய்லர் இருக்கும், 50 வருஷம் தாண்டின எபிசோடுக்கு இதுக்கு மேல ரகசியம் காக்க முடியாது, பாக்கணும்னா பாத்துட்டு வாங்க.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் முன்கத. கார்ல் கோல்சாக்னு ஒரு ரிப்போர்ட்டர், நடிச்சது டேரன் மெக்கேவின். 1972 ஜனவரில லாஸ் வேகாஸ்ல ஒரு ரத்தக்காட்டேரிய துரத்தற டிவி படமா முதல்ல வந்துச்சு, அந்த நேரத்துல டிவி படத்துக்கு அவ்ளோ கூட்டம் வந்ததே இல்லங்கற அளவுக்கு ஓடுச்சு, அடுத்த வருஷம் சியாட்டில்ல நடக்கற மாதிரி இன்னொன்னு எடுத்தாங்க, அதுவும் ஓடவும் 1974 செப்டம்பர் 13-லேந்து சீரிஸ் ஆக்கிட்டாங்க. இப்ப ஆளு சிகாகோல இருக்கான், ஐஎன்எஸ்ங்கற சின்ன நியூஸ் ஏஜென்சில வேல, வாரா வாரம் அவன் தலைல ஒரு ஜந்து வந்து விழும். மொத்தம் 20 எபிசோட்தான், 1975 மார்ச்சோட கடைய சாத்திட்டாங்க. ஆனா 'எக்ஸ் ஃபைல்ஸ்' எடுத்த கிறிஸ் கார்ட்டர் இதப் பாத்துதான் எனக்கு ஆச வந்துச்சுன்னு பல தடவ சொல்லிருக்காரு, மெக்கேவினையே பின்னாடி தன் சீரிஸ்ல ஆர்தர் டேல்ஸ்ங்கற ரிட்டயர்டு எஃப்பிஐ ஆளா நடிக்கவும் வெச்சாரு. பின்னாடி 'சோப்ரானோஸ்'ங்கற பேர்போன சீரிஸ எழுதின டேவிட் சேஸ் இந்த சீரிஸோட எழுத்துக் குழுலதான் இருந்தாரு. பின்னாடி 'பேக் டு தி ஃபியூச்சர்' படம் எழுதின ராபர்ட் ஜெமெக்கிஸும் பாப் கேலும் சின்னப் பசங்களா இருந்தப்ப இதுக்கு தலையில்லாத பைக் பேய் கத ஒன்னு குடுத்தாங்க. நல்ல கைங்கதான் எல்லாம். ராட்சசன் எபிசோட எழுதினவர் ஜிம்மி சாங்ஸ்டர், இங்கிலாந்துல ஹாமர்ங்கற திகில் படக் கம்பெனிக்கு டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் எல்லாம் எழுதித் தள்ளினவரு, அந்த அனுபவம் எப்படி தெரியுதுன்னு போகப் போகப் பாருங்க.

முதல் தடவ சும்மா பாருங்க. ரெண்டாவது தடவ பேப்பர் பேனாவோட உக்காந்து, ஒவ்வொரு சீன் முடியறப்பவும் நிறுத்தி, இந்த சீன்ல ஜந்தப் பத்தி புதுசா என்ன தெரிஞ்சுது, இதுக்கு ஊர்ல உள்ளவங்க என்ன காரணம் சொல்றாங்க, இந்த ரெண்டு மட்டும் எழுதுங்க. வேற எதையும் எழுதாதீங்க, கேமரா லைட்டிங் எல்லாம் இப்ப வேண்டாம். முடிச்சுட்டு அந்த பேப்பரப் பாத்தீங்கன்னா ஜந்தப் பத்தின வரிங்க கம்மியாவும், ஊர்க்காரங்க சொல்ற காரணங்க நிறையாவும் இருக்கும். அந்த கணக்குதான் எபிசோட் எழுதறதுல முக்காவாசி.

இடத்த முதல்ல பிடிங்க

எபிசோட் நடக்கறது சிகாகோல ரூஸ்வெல்ட் ஹைட்ஸ்ங்கற ஏரியால, அது கதைக்காக உருவாக்கின இடம். வயசான யூதர்கள் நிறைய இருக்கற பழைய பேட்ட. எலித் தொல்ல, இருட்டு சந்து, கையில காசு இல்ல, நகராட்சி எட்டிப் பாக்காது. அங்க ஒரு பெரியவர் செத்துக் கிடக்காரு, உடம்புல சதையே இல்ல, எலி தின்னுடுச்சுன்னு கேஸ முடிச்சுடறாங்க. அடுத்தடுத்து சாவு விழுந்தாலும் அதே எலிக் கதைதான்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ராட்சசன எடுத்துட்டு வெறும் எலிய மட்டும் வெச்சாகூட இது ஒரு கததான். கேக்க நாதியில்லாம கிடக்கற வயசானவங்க, செத்தாகூட சரியா விசாரிக்க மாட்டாங்கங்கற கத. பேய் இல்லாமலே அந்த ஊர்ல ஒரு பயம் இருக்கணும், பேய் வந்து அதுக்கு பல்லு மட்டும்தான் முளைக்க வைக்கணும். உங்க ஸ்கிரிப்ட எடுத்து பேய அழிச்சுட்டுப் படிங்க, மிச்சம் ஒன்னும் இல்லேன்னா நீங்க இன்னும் இடத்தப் பிடிக்கலன்னு அர்த்தம்.

பெரும்பாலான பேர் பண்றது இதுக்கு நேர் எதிர். பாழடஞ்ச பங்களா, காட்டுக்குள்ள கெஸ்ட் ஹவுஸ், அங்க போற அஞ்சு ஃபிரெண்ட்ஸ். அந்த பங்களால யாரு வாழ்ந்தா, வாடகை யாருக்குப் போகுது, தண்ணி எங்கேந்து வருது, ஒன்னும் தெரியாது. அந்த மாதிரி இடத்துல எந்தப் பேய வெச்சாலும் ஒன்னுதான்.

ரூல் வேணும், ஒரே ஒரு நல்ல ரூல்

இப்ப ஜந்துக்கு வருவோம். சிகாகோல யூதப் பேட்டைல வந்து ஆளத் தின்றது யாருன்னா நம்ம ஊரு ராட்சசன். மாறுவேஷம் போடற ராட்சசன். நீங்க யார ரொம்ப நம்பறீங்களோ அவங்க உருவத்துல எதிர்ல வரும், நீங்களே பாசமா கிட்டப் போவீங்க, கட்டிப்பிடிக்கற தூரம் வந்ததும் முடிஞ்சுது.

இத ராமாயணம் கேட்டு வளந்த நமக்கு யாரும் விளக்க வேண்டாம். மாரீசன் பொன்மானா வந்தது ஒரு பக்கம், அதவிட பெரிய வேல அவன் சாகறப்ப ராமன் குரல்லயே சீதாவையும் லட்சுமணனையும் கூப்பிட்டுட்டு செத்தான் பாருங்க, அதுதான். மானப் பாத்து லட்சுமணன் சந்தேகப்பட்டான், குரலக் கேட்டு சீதை சந்தேகப்படல, ஏன்னா அது புருஷன் குரல். அந்த சீரிஸ்காரங்க வால்மீகி படிச்சாங்களான்னு நான் சொல்ல வரல, ஆனா ராட்சசனோட எந்த குணத்த எடுக்கணும்னு கரெக்டா எடுத்திருக்காங்க. பத்து தல, பெரிய பல்லு, அதெல்லாம் விட்டுட்டு நம்பிக்கைய வெச்சு ஏமாத்தற அந்த ஒரு வித்தைய மட்டும் எடுத்தாங்க. ஏன்னா அந்தப் பேட்டைல இருக்கற வயசானவங்களுக்கு மிச்சம் இருக்கறதே நம்பறதுக்கு ரெண்டு மூனு பேர்தான். அதுல கைய வெச்சாதான் வலிக்கும். இடமும் ரூலும் பூட்டும் சாவியுமா பொருந்தணும்னு சொல்றது இதத்தான்.

ரூல் எழுதறப்ப மூனு கேள்வி போதும். எப்படி வருது, ஏன் இப்ப வருது, எப்படி சாகும். 'எக்ஸ் ஃபைல்ஸ்'ல 1993-ல வந்த 'ஸ்குவீஸ்' எபிசோட் எடுத்துக்கோங்க, அந்த சீரிஸோட முதல் வாரம்-ஒரு-ஜந்து எபிசோட் அதுதான், கிளென் மார்கனும் ஜேம்ஸ் வாங்கும் எழுதினது. டூம்ஸ்னு ஒரு ஆளு, உடம்ப இழுத்து நீட்டி எந்த சந்துலயும் நுழைஞ்சுருவான், 30 வருஷத்துக்கு ஒரு தடவ எழுந்து வந்து அஞ்சு கல்லீரல் சாப்டுட்டு மறுபடி தூங்கப் போயிருவான். அவ்ளோதான் ரூல், ரெண்டு வரி. இந்த ரெண்டு வரிலேந்தே எல்லா சீனும் தானா வருது, பூட்டின ரூம்ல கொல நடந்திருக்கும், பழைய கேஸ் ஃபைல்ல 1963, 1933ன்னு போய்ட்டே இருக்கும், ஏசி காத்து வர்ற ஓட்டையப் பாத்தாலே நமக்கு வயித்தக் கலக்கும். ரூல் நல்லா இருந்தா பாக்கறவங்க வீட்ல இருக்கற ஒரு சாதாரண பொருள் மேலயே பயம் வந்துரும். ராட்சசன் எபிசோட்ல அந்தப் பொருள் என்னன்னா தெரிஞ்சவங்க முகம்.

ரூல் ஜாஸ்தி வெச்சா கெட்டுது. வெள்ளிக்கு பயப்படும், உப்புக்கு பயப்படும், அமாவாசைல பலம், ரத்தம் பட்டா வளரும், இப்படி அடுக்கிட்டே போனா பாக்கறவங்க பரீட்சைக்கு படிக்கற மாதிரி உக்காந்திருப்பாங்க. அதவிட மோசம் கடைசி பத்து நிமிஷத்துல புது ரூல் சொல்றது, அது சீட்டிங், வேற பேரு கிடையாது.

தப்பான காரணத்த நல்லா எழுதுங்க

இந்த எபிசோட்ல ரெண்டு தப்பான காரணம் இருக்கு, ரெண்டுமே அந்த ஊருக்குள்ளேந்து வருது.

முதல் காரணம் எலி. உண்மையிலயே அங்க எலி இருக்கு, அதனால போலீஸ் சொல்றது பச்சப் பொய்யும் இல்ல, அதுதான் ஸ்ட்ராங்கு. அதிகாரிங்க முட்டாளா இருக்கறதுனால பேய நம்பலன்னு எழுதாதீங்க, அவங்க சொல்ற காரணம் நமக்கே சரிதானோன்னு தோணணும்.

ரெண்டாவது காரணம்தான் இந்த எபிசோட எங்கயோ கொண்டு போகுது. அந்தப் பேட்டைல செவுத்துல அங்கங்க யாரோ ஸ்வஸ்திகா வரைஞ்சு வெச்சிருக்காங்க. ஃபில் சில்வர்ஸ் நடிச்ச ஹேரி ஸ்டார்மன்ங்கற யூதப் பெரியவருக்கு அதப் பாத்ததும் ரத்தம் கொதிக்குது, நாஜிப் பய எவனோ வந்துட்டான், அதுவும் அங்க இருக்கற இந்தியன் ரெஸ்டாரன்ட் ஆளுதான்னு அடிச்சு சொல்றாரு. கோல்சாக்கும் அந்தப் பக்கம் போறான். பாத்தா அது பூஜையறைல நாம போடற அதே ஸ்வஸ்திக்தான், ராட்சசன் கிட்ட வராம இருக்க காப்பா ஒரு இந்துப் பெரியவர் வரைஞ்சு வெச்சது. அந்த ஜனங்களக் காப்பாத்த வரைஞ்ச குறியப் பாத்தே அந்த ஜனங்க நடுங்கறாங்க.

இந்த இடத்துல நமக்கும் அவங்களுக்கும் எபிசோட் வேற வேற மாதிரி தெரியும். அமெரிக்கால பாத்தவங்க முதல்ல நாஜின்னு நெனச்சு அப்புறம் ஓஹோன்னு திரும்பிருப்பாங்க. நாம முதல் ஷாட்லயே அட இது நம்மூரு சமாச்சாரம்னு நிமிந்து உக்காருவோம், அப்புறம்தான் அந்தப் பெரியவர் ஏன் பதறாருன்னு உறைக்கும். அந்தப் பதட்டம் சும்மா கதைக்காக வெச்சதும் இல்ல, சிகாகோ பக்கத்துல ஸ்கோக்கின்னு ஒரு ஊர்ல ஹிட்லர் முகாம்லேந்து தப்பிச்சு வந்தவங்க நிறைய பேர் குடியிருந்தாங்க, இந்த எபிசோட் வந்து மூனாவது வருஷம், 1977-ல, அமெரிக்க நாஜிக் கும்பல் ஒன்னு அதே ஊர்ல ஊர்வலம் போறோம்னு கிளம்பி விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. இன்னொரு விஷயம், அந்த இந்துப் பெரியவரா நடிச்ச ஏப்ரகாம் சோஃபேர் ரங்கூன்ல பிறந்த யூதர். ஸ்வஸ்திக் வரையற இந்துவா ஒரு யூதர் நடிச்சிருக்காரு, இது யாரு பண்ண காஸ்டிங்கோ தெரில, ஆனா தெரிஞ்சுட்டுப் பாத்தா அந்த சீன் வேற லெவல்.

உங்க எபிசோடுக்கு இதுலேந்து எடுத்துக்க வேண்டியது, தப்பான காரணம் வெறும் டைம்பாஸா இருக்கக் கூடாது. அந்த ஊர் ஜனங்க ஏற்கனவே எதுக்கு பயந்துட்டு இருக்காங்களோ அதுதான் தப்பான காரணமா வரணும். தண்ணி லாரி வராத தெருவுல ஒருத்தர் செத்தா தண்ணில விஷம்னுதான் முதல்ல பேச்சு கிளம்பும், பில்லி சூனியம்னு எடுத்ததும் யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பேச்சுக்கு ரெண்டு சீன் ஒதுக்குங்க, வீணாகாது.

விளக்கம் சொல்ற ஆளு

எல்லா பேய் எபிசோட்லயும் ஒரு ஆளு வந்து இது இன்ன ஜந்து, இத இப்படித்தான் கொல்லணும்னு சொல்லியாகணும், தப்பிக்க முடியாது. சாமியார், புரொஃபசர், லைப்ரரில பழைய புத்தகம், இப்ப எல்லாம் கூகுள். எபிசோட் தூங்கற இடம் இதுதான். அஞ்சு நிமிஷம் லெக்சர் ஓடும்.

சாங்ஸ்டர் இங்க என்ன பண்றாருன்னா விளக்கம் சொல்ற ஆளையே கதைக்குள்ள மாட்டி விடறாரு. அந்த இந்துப் பெரியவர் வாழ்க்கை முழுக்க ராட்சசன வேட்டையாடறதே வேலையா இருந்தவரு, இப்ப வயசாகிருச்சு, உடம்பு ஒத்துழைக்கல, ஆனா ராட்சசன் இங்க வந்துருச்சு. அவரும் அந்தப் பேட்டைல இருக்கற மத்த கிழவங்க மாதிரிதான், யாரும் கண்டுக்காத ஒரு முதியவர். அதனால அவர் பேசறப்ப ரூல் மட்டும் காதுல விழல, ஐயோ இவரால முடியாதேன்னு ஒரு கவலையும் சேந்து வருது, கையில இருக்கற கிராஸ்போ வில்ல கோல்சாக் வாங்கிக்கறதுக்கு ஒரு நியாயமும் வருது. மந்திரிச்ச அம்பாலதான் ராட்சசன் சாகும். கோல்சாக் பாவம், டைப்ரைட்டர் தட்டற ஆளு.

உங்க விளக்க சீன ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிங்க, அத சொல்ற ஆளுக்கு ஒரு நஷ்டம் இருக்கட்டும். சும்மா தாடி வெச்ச சாமியார் வந்து பொழிப்புரை சொல்லிட்டுப் போகக் கூடாது.

நம்பாத ஆளுங்க, சிரிப்பு, மத்ததெல்லாம்

இத சீக்கிரம் சொல்லிடறேன். கோல்சாக்கோட பாஸ் டோனி வின்சென்சோ, சைமன் ஓக்லண்ட் நடிச்சது, வாரா வாரம் இவன் கொண்டு வர்ற கதைய நம்ப மாட்டாரு, கத்துவாரு, ஆனா ஆள வேலைய விட்டுத் தூக்கவும் மாட்டாரு. அந்த சண்ட இருக்கறதாலதான் நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்குது. திகில்ல காமெடி வெச்சா பயம் போயிரும்னு ஒரு மூடநம்பிக்கை இருக்கு, போகாது, காமெடி பேய் மேல இல்லாம மனுஷங்க மேல இருந்தா போதும். போலீஸ் கேப்டன் அனேகமா ஒவ்வொரு வாரமும் வேற ஆளா இருப்பாரு, அதனால நம்பாததுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் கிடைக்குது. இதே சீரிஸோட 'ஸ்பானிஷ் மாஸ் மர்டர்ஸ்' எபிசோட்ல வர்ற கேப்டன் கோபத்தக் குறைக்க தெரப்பிக்குப் போய்ட்டு இருக்காரு, கோல்சாக் வாயத் திறந்தா போதும், அந்த தெரப்பி எல்லாம் காத்துல போயிரும். நம்பாத போலீஸ்னு ஒரே அச்சுல வார்க்காதீங்க.

ஹீரோ விஷயத்துலயும் பாருங்க, கசங்கின கோட்டு, வைக்கோல் தொப்பி, தோள்ல கேசட் ரெக்கார்டர், கையில சின்ன கேமரா. சண்ட தெரியாது. பயந்தா ஓடுவான், நிஜமாவே ஓடுவான். ரெண்டாவது எபிசோட் 'தி ஜோம்பி'ல பழைய கார் எல்லாம் குவிச்சு வெச்சிருக்கற யார்டுல ஒரு பொண வண்டிக்குள்ள ஜோம்பி படுத்திருக்கும், இவன் மெதுவா ஊர்ந்து உள்ள போய் அதோட வாய்ல உப்ப ரொப்பி உதட்ட ஊசி நூலால தைக்கணும், அதான் ரூல். மெக்கேவின் கை நடுங்கற நடுக்கத்த பாருங்க, ஊசிய வெச்சுட்டு ஒரு தையல் போடறதுக்குள்ள அவருக்கு வேர்த்துக் கொட்டுது, தச்சு முடிக்கறதுக்குள்ள அது கண்ணத் திறந்துரும். துப்பாக்கியால தூரத்துலேந்து சுடற ரூலா இருந்தா இந்த சீனே கிடையாது. கொல்ற முறை ஹீரோவ ஜந்து பக்கத்துல இழுத்துட்டு வரணும்.

கிளைமாக்ஸ்: மிஸ் எமிலி

அப்ப ராட்சசன் எபிசோட்ல வில்லுதான ஆயுதம், தூரத்துலேந்துதான அடிக்கறான்னு கேப்பீங்க. இங்கதான் சாங்ஸ்டரோட மூளை வேல செய்யுது.

ஆபீஸ்ல மிஸ் எமிலின்னு ஒரு வயசான அம்மா இருக்காங்க, பேப்பருக்கு ஆலோசனைப் பகுதி எழுதறவங்க, ரூத் மெக்டெவிட் நடிச்சது, அப்ப அவங்களுக்கு 79 வயசு. ஆபீஸ்ல எல்லாரோடயும் மல்லுக்கட்டற கோல்சாக் அவங்ககிட்ட மட்டும் தன்மையா இருப்பான். பாக்கறப்ப அது ஏதோ சும்மா வர்ற பாசம் மாதிரிதான் தெரியும்.

கடைசில ராத்திரி, இருட்டு, கையில வில்லு. எதிர்ல மிஸ் எமிலி நடந்து வர்றாங்க.

ரூல் நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த நேரத்துல அந்தப் பேட்டைக்கு அவங்க வர வாய்ப்பே இல்லன்னும் தெரியும். ஆனா அது அவங்க முகம், அவங்க நடை, அவங்க குரல். நில்லுங்கன்னு சொல்றான், நிக்கல. அம்ப விட்டா ஒன்னு ராட்சசன் சாகும், இல்லேன்னா ஒரு பாட்டிய கொன்னவன் ஆயிருவான், விடலன்னா இவன் செத்தான். வில்லு தூரத்து ஆயுதம்தான், ஆனா விசைய இழுக்கறதுக்கு மனசுக்குள்ள போக வேண்டிய தூரம் இருக்கே, அதுதான் சீன். அவன் விட்டுடறான், உண்மை உருவம் வெளிய வருது.

இத உங்க ஸ்கிரிப்டுக்கு கொண்டு வர்ற வழி: கொல்றதுக்கு என்ன தேவைன்னு எழுதினதும், அதுல ஹீரோவுக்கு எது கஷ்டம்னு பக்கத்துலயே எழுதுங்க. பலம் பத்தாதது, ஆயுதம் கிடைக்காதது எல்லாம் கஷ்டத்துல சேராது. செய்யக் கூடாதுன்னு அவன் மனசு சொல்ற ஒன்ன அவன் செஞ்சாகணும். அதுக்கான விதைய முன்னாடி ஆபீஸ் சீன்ல, வீட்டு சீன்ல, சிரிச்சுட்டே போட்டு வெச்சுருங்க. மிஸ் எமிலிய ஆபீஸ்ல பாக்காம கிளைமாக்ஸ்ல முதல் தடவ பாத்திருந்தா நமக்கு யாரோ ஒரு கிழவிதான்.

நம்ம பக்கத்து உதாரணம் வேணும்னா பழையனூர் நீலி கதைய இதே மாதிரி பிரிச்சுப் பாருங்க, அசந்துருவீங்க. வணிகன் கையில மந்திரக் கத்தி இருக்கற வரைக்கும் நீலியால ஒன்னும் பண்ண முடியாது, அதான் ரூல். அவ பொண்டாட்டி வேஷத்துல, கள்ளிக்கட்டைய குழந்தையா மாத்தி இடுப்புல வெச்சுட்டு ஊர்ச் சபைக்கு வர்றா, குழந்த அவனப் பாத்து அப்பான்னுது, 70 வேளாளர்களும் நியாயம் பேசி, நாங்க பொறுப்புன்னு வாக்குக் குடுத்து, அவன் கையில இருந்த கத்திய அவங்களே வாங்கி வெச்சுடறாங்க. விடிஞ்சா வணிகன் பொணம். வாக்குக் குடுத்த 70 பேரும் தீயில இறங்கறாங்க. இதுல நீலியோட பல்லு எப்படி இருந்துச்சு, முடி எப்படி இருந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? நல்லவங்க நல்லது நெனச்சு கத்திய வாங்கின அந்த ஒரு செயல்தான் நெஞ்சுல நிக்குது.

ஜந்த எவ்ளோ காட்டணும்

கம்மியா. இந்த எபிசோட்ல ராட்சசன் வேஷம் சடை முடி தொங்கற ஒரு கரடிக்கு சிவப்புக் கண்ணு வெச்ச மாதிரி இருக்கும், நல்ல வெளிச்சத்துல நிக்க வெச்சா சிரிப்புதான் வரும், நம்ம கோயில் சிற்பம், கூத்து வேஷம் எல்லாம் பாத்த கண்ணுக்கு அது ராட்சசனாவே தோணாது. ஆனா அவங்களுக்கே அது தெரிஞ்சிருக்கு, அதனால பெரும்பாலும் இருட்டுல ஒரு ஓரம், ஒரு கை, அவ்ளோதான். ரூல் வேற கை குடுக்குது, ஜந்து மனுஷ முகத்துல வருதுன்னா மேக்கப் செலவே மிச்சம். 'ஸ்பானிஷ் மாஸ்'ல ஜந்தா நடிச்ச ரிச்சர்ட் கீல் பாசி போத்திட்டு சாக்கடத் தண்ணிலேந்து எழுந்திரிக்கற சீனும் அப்படித்தான், தண்ணியும் இருட்டும் சேந்து காப்பாத்திருச்சு. அதே சீரிஸோட கடைசி எபிசோட் 'தி சென்ட்ரி'ல முதலை மாதிரி ஒரு சூட்ட நல்லா காட்டிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அதக் கிண்டல் பண்ணாத ஆளில்ல. காசு கம்மின்னா உருவமே இல்லாத ரூலா யோசிங்க.

சீரிஸா எழுதறவங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. வாரா வாரம் கோல்சாக் கையில இருக்கற ஃபோட்டோ அழிஞ்சுரும், சாட்சி காணாமப் போயிரும், டேப் ரெக்கார்டர்ல தனியா பேசிட்டு உக்காந்திருப்பான், அடுத்த வாரம் மறுபடி முதல்லேந்து. ஒன்னு ரெண்டு தடவ நல்லாருக்கும், பத்து தடவ பாத்தா ஏன்டா இவன இன்னும் யாரும் நம்பலன்னு நமக்கே அலுத்துரும். மெக்கேவினுக்கே அந்த வாராவாரம் ஜந்து ஃபார்முலா அலுத்துப் போச்சு, என்ன விட்டுடுங்கன்னு அவரே கேட்டாரு, ரேட்டிங்கும் கைவிட்டுருச்சு. 'எக்ஸ் ஃபைல்ஸ்'காரங்க இதப் பாத்து சுதாரிச்சு நடுநடுல பெரிய சதிக் கத ஒன்ன ஓட்டிட்டு, மிச்ச வாரத்துல தனி ஜந்து வெச்சாங்க. நீங்க ஆறு எபிசோடுக்கு மேல போறதா இருந்தா ஜந்து போனதுக்கு அப்புறமும் ஹீரோகிட்ட ஏதாவது ஒன்னு மாறியிருக்கட்டும், வேல போகட்டும், ஃபிரெண்டு ஒருத்தர் பாதி நம்பட்டும், எதாவது.

கடைசியா நீளம். அவங்க எபிசோட் சுமாரா 50 நிமிஷம், நடுவுல விளம்பரத்துக்கு நிக்கணும், அதனால ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்னாடியும் ஒரு சாவோ திடுக்கோ வெச்சாங்க. உங்களுக்கு விளம்பரம் இல்ல, 20 நிமிஷ குறும்படம்னா அந்த கணக்க காப்பி அடிக்காதீங்க. முதல் சாவு ஒன்னு போதும், நடுவுல வர்ற ரெண்டாவது மூனாவது சாவத் தூக்குங்க, பாஸோட சண்டைய ஒரே ஃபோன் காலா சுருக்குங்க, விளக்க சீன ஒரு நிமிஷம் ஆக்குங்க. தப்பான காரணம் ஒன்ன மட்டும் வெச்சுக்கோங்க, ஆனா அதுல ஒரு நிமிஷம்கூட வெட்டாதீங்க. மிஸ் எமிலி மாதிரி ஆள அறிமுகப்படுத்தற சீனும் அப்படியே இருக்கணும், எடிட்டர் இதுல என்ன இருக்கு தூக்கிடலாமான்னு நிச்சயம் கேப்பாரு, விடாதீங்க.